முதல் செமஸ்டருக்குப் பாடம் எடுக்கும்முன் கிரெடிட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கைக்கு வரும் பாடப் பட்டியல் பலரையும் மிரள வைக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண், பக்கத்தில் 3-1-0 என்று ஒரு குறி, ஓரத்தில் 4 கிரெடிட் என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே ‘கோர்’, ‘எலெக்டிவ்’ என்று பொடி எழுத்தில் ஏதேதோ. பள்ளியில் அட்டவணையை வேறு யாரோ போட்டார்கள். நாம் போய் உட்கார்ந்தோம். இங்கே பாதி அட்டவணையாவது நம் கையில் இருக்கிறது. சில இடங்களில் முழு அட்டவணையும் நம் பொறுப்பு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நண்பன் எடுத்த பாடத்தை எடுக்கிறார்கள், இல்லையென்றால் பெயர் நன்றாக இருக்கும் பாடத்தை எடுக்கிறார்கள். அது சில நேரம் நன்றாகவே முடியும். ஆனால் கிரெடிட் என்ற அந்த எண் நம் வாரத்திலிருந்து எத்தனை மணி நேரத்தைக் கேட்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்கு, செமஸ்டரின் நடுவில் மூச்சு முட்டும் வாய்ப்பு குறைவு. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கிரெடிட் எதை அளக்கிறது

ஒரு பாடம் கடினமா, எளிதா, முக்கியமா என்பதையெல்லாம் கிரெடிட் சொல்வதில்லை. அது அளப்பது நேரத்தை மட்டும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தரத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் சேர விரும்பிய கல்லூரிகள், மாணவர்களைச் சேர்க்கும்போது அவர்களுடைய பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பாடத்தில் 120 மணி நேரம் வகுப்பு என்றால் ஓர் அலகு. பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக வந்த அந்த ஏற்பாடுதான் பரவி வளர்ந்து, இன்று உலகமெங்கும் மாணவர்களின் வாரத்தைத் தீர்மானிக்கிறது.

நாட்டுக்கு நாடு எண் மாறும். ஐரோப்பாவில் 1989இல் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்துக்காகக் கொண்டுவந்த முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட்; ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஓராண்டுக்கு 120 கிரெடிட், ஒவ்வொன்றும் 10 மணி நேரம். இலங்கையின் தகுதிக் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றும் 50 மணி நேரம். ஜப்பானில் ஒரு கிரெடிட் 45 மணி நேரம். பட்டம் பெறக் குறைந்தது 124 வேண்டும். அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும், சுமார் 15 வாரங்களுக்கு. பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். இந்தியாவில் 2023இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு ஓராண்டுக்கு 1,200 மணி நேரத்தை 40 கிரெடிட்டாகப் பிரிக்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம்.

இந்த எண்களை ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள். பிரிட்டனில் 1,200, இலங்கையில் 1,500, ஐரோப்பாவில் 1,500 முதல் 1,800, அமெரிக்காவில் ஆண்டுக்கு 30 கிரெடிட் என்று வைத்தால் 1,350. கிரெடிட்டின் அளவு எங்கெங்கோ இருந்தாலும், ஒரு மாணவரின் ஓராண்டு உழைப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரு முழுநேர வேலையின் அளவுக்கே வருகிறது. அதனால் இன்னொரு நாட்டில் படிக்கும் உறவினர் “நான் 60 கிரெடிட் எடுத்திருக்கிறேன்” என்றால் கலங்க வேண்டியதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் தேடிப் பிடியுங்கள். விதிமுறைகளின் முதல் சில பக்கங்களில் இருக்கும்.

ஒரு சிறிய எச்சரிக்கை. யூனிட் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வராது. கலிபோர்னியாவில் அது கிரெடிட். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு முழுப் பாடமே ஒரு யூனிட். இந்தியக் கல்லூரி சிலபஸில் ஒரு பாடத்தின் ஐந்து பகுதிகளில் ஒன்று யூனிட். வேறு ஊர் மாணவர் எழுதிய அறிவுரையைப் படிக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

3-1-0 என்ற குறி

பல கல்லூரிகளில் பாடத்தின் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை, எத்தனை மணி நேரம் டுடோரியல், எத்தனை மணி நேரம் லேப் என்று அந்த வரிசையில் படிக்க வேண்டும். 3-1-0 என்றால் மூன்று மணி விரிவுரை, ஒரு மணி டுடோரியல், லேப் கிடையாது, 4 கிரெடிட். 3-0-2 என்றாலும் 4 கிரெடிட்தான், ஆனால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கல்லூரியில் இருக்க வேண்டும். லேப் நேரம் பொதுவாகப் பாதி மதிப்புக்குத்தான் கணக்கில் வரும்: இரண்டு மணி லேப்புக்கு ஒரு கிரெடிட்.

வாரத்தைச் சாப்பிடும் விஷயத்தில் லேப்பை யாரும் சரியாக எடைபோடுவதில்லை. அட்டவணையில் இரண்டு மணி நேரம்தான் தெரியும். அதற்கு முன்னால் செய்முறையைப் படித்துவிட்டுப் போக வேண்டும். அப்புறம் ரெக்கார்டு எழுத வேண்டும், வரைபடம் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே செமஸ்டரில் மூன்று லேப் பாடங்கள் இருந்தால் கிரெடிட் எண்ணிக்கை சாதாரணமாகத் தோன்றும், வாரம் மட்டும் காணாமல் போகும்.

வகுப்புக்கு வெளியே செலவாகும் நேரத்தையும் சேர்த்தே அச்சிடும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் 3-0-9 என்று போட்டிருந்தால் மூன்று மணி வகுப்பு, லேப் இல்லை, ஒன்பது மணி சொந்தமாக உட்கார்ந்து செய்யும் வேலை. மொத்தம் 12 யூனிட். மூன்றாவது எண்ணை அப்படி வெளிப்படையாகச் சொல்வது மாணவருக்கு நேர்மையானது என்று நினைக்கிறேன். உங்கள் கல்லூரி சொல்லாவிட்டால் நீங்களே அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

வாரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு தாளை எடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56ஐ முதலில் கழியுங்கள், இதில் கைவைக்காதீர்கள். குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரு 28 போகும். மீதி 84.

இப்போது பாடங்கள். செமஸ்டருக்கு 15 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு மூன்று மணி உழைப்பு என்ற அமெரிக்க அளவில் 45 மணி நேரம். கிரெடிட்டுக்கு மொத்தம் 30 மணி, செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்ற இந்திய அளவில் 600 மணி நேரம். 15 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு 40. ஆக, 84இல் பாதிக்கும் மேல் அல்லது ஏறக்குறைய பாதி படிப்புக்கே போய்விடும். பகுதிநேர வேலை 15 மணி என்றால் மீதி 24 முதல் 29. வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, விளையாட்டு அணி, தினமும் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் இதெல்லாம் அந்த மீதியிலிருந்துதான் வர வேண்டும்.

இந்தத் தாளைப் போட்ட பிறகு மீதி பத்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால், ஒரு பாடத்தைக் குறைப்பது பற்றி இப்போதே யோசியுங்கள். குறைக்கும்முன் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: முழுநேர மாணவர் என்று கருதப்பட ஒரு குறைந்தபட்ச எண் இருக்கும். உதவித்தொகை, விடுதி, விசா எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் இளநிலை மாணவருக்கு அது பொதுவாக 12 கிரெடிட். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முறையான அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே போனால் விசா நிலையே சிக்கலாகும்.

அதிகபட்ச எண்ணும் உண்டு. முதல் செமஸ்டரிலேயே அந்த உச்சத்தைத் தொட முயற்சி செய்யாதீர்கள். புது ஊர், புது மொழி, புதுத் தேர்வுமுறை எல்லாம் ஒரு பாடத்தின் அளவுக்கு நேரம் எடுக்கும். அதற்கு யாரும் கிரெடிட் தர மாட்டார்கள்.

கிரேடில் கிரெடிட் செய்யும் வேலை

செமஸ்டர் சராசரி வெறும் சராசரி அல்ல. ஒவ்வொரு பாடத்தின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

பத்துப் புள்ளி முறையில் ஒருவர் கணிதம் (4 கிரெடிட்) 6, நிரலாக்கம் (4) 9, இயற்பியல் (4) 7, வரலாறு (3) 8, மொழி (2) 10 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சும்மா கூட்டி ஐந்தால் வகுத்தால் 8. சரியான கணக்கு: 24 + 36 + 28 + 24 + 20 = 132; அதை 17ஆல் வகுத்தால் 7.76. கணிதத்தில் ஒரே ஒரு புள்ளி கூடியிருந்தால் 136, அதாவது சரியாக 8.00. மொழிப்பாடத்தில் 10க்குப் பதில் 8 வாங்கியிருந்தால் இழப்பது நான்கு. கணிதத்தில் ஒரு புள்ளி இழப்பதற்கு அது சமம்.

இதனால் மொழிப்பாடத்தைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் இருக்கும் நேரத்தை எங்கே போடுவது என்று திணறும்போது இந்தக் கணக்கு உதவும். முதல் ஆண்டு கிரேடு சராசரியில் கடைசி வரை கூடவே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சில இடங்களில் மட்டும் முதல் ஆண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் இடத்தில் எப்படி என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

எந்த வகைப் பாடம், எந்த ஆண்டின் விதி

பட்டம் பெறத் தேவையான மொத்தக் கிரெடிட் மட்டும் போதாது. வகைவாரியாகவும் நிரம்ப வேண்டும். கோர் என்பது துறையின் கட்டாயப் பாடம். துறை எலெக்டிவ் என்றால் துறை தரும் பட்டியலிலிருந்து நாம் எடுப்பது. ஓப்பன் எலெக்டிவ் பிற துறையிலிருந்து. இவற்றோடு மொழி, சூழலியல், எழுத்துப் பயிற்சி போன்ற பொதுப் பாடங்கள். மொத்தக் கிரெடிட்டைத் தாண்டிவிட்டு, ஒரு வகையில் மட்டும் மூன்று கிரெடிட் குறைந்ததால் பட்டம் தள்ளிப்போனவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

ஒரே பாடம் இரண்டு வகைகளிலும் கணக்காகுமா என்பதைக் கேளுங்கள். சில இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் இல்லை.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிமுறைதான் உங்களுக்குப் பொருந்தும். அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறினாலும் உங்களைப் பழைய திட்டத்தில் முடிக்க விடுவார்கள். அதனால் சேர்ந்த ஆண்டின் விதிமுறைக் கோப்பை இறக்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மூத்த மாணவர் சொல்லும் விதி அவர் சேர்ந்த ஆண்டின் விதி. அது உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று இல்லை.

பாட எண்ணிலும் தகவல் இருக்கிறது. பல இடங்களில் முதல் இலக்கம் நிலையைக் காட்டும்: 100களில் இருப்பவை முதலாண்டுக்கு, 300களில் இருப்பவை மூன்றாம் ஆண்டுக்கு. 300 எண்ணுள்ள பாடத்தில் முதலாண்டு மாணவரைச் சேர்க்கக் கணினி அனுமதித்துவிட்டால், அங்கே உட்காரும் தகுதி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எதை இப்போது எடுத்தாக வேண்டும்

என்னைக் கேட்டால், முதலாண்டுத் தேர்வில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு பாடத்தை எடுக்க முன்னால் வேறொரு பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பட்டியலில் ப்ரீரெக்விசிட் என்று போட்டிருப்பார்கள். இந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான சங்கிலியாகப் போகும்.

பொறியியல் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் படிக்க வேண்டிய கட்டுப்பாட்டுப் பொறியியலுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் வேண்டும். அதற்கு இரண்டாம் நுண்கணிதம். அதற்கு முதலாம் நுண்கணிதம். முதலாம் நுண்கணிதத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துகிறார்கள் என்றால், அதை முதல் செமஸ்டரில் தள்ளிப்போட்டவருக்கு முழு ஓராண்டு தள்ளிப்போகிறது. மறுபக்கம், கலை வரலாறு போன்ற ஓர் ஓப்பன் எலெக்டிவுக்குப் பின்னால் எதுவும் காத்திருப்பதில்லை. அதை மூன்றாம் ஆண்டில் எடுத்தாலும் நட்டமில்லை.

ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். உங்கள் துறையின் கடைசி ஆண்டுப் பாடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே முதல் ஆண்டுவரை இறங்குங்கள். எந்தப் பாடத்தில் அதிக அம்புகள் வந்து சேர்கின்றனவோ அது முதலில். ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்கும் பாடம் எது, இரட்டைப்படையில் மட்டும் நடக்கும் பாடம் எது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் வேலை. நான்கு ஆண்டுக்கும் பயன்படும்.

எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாதவர் இரண்டு, மூன்று துறைகளுக்கு இதே படத்தைப் போட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களை முதலில் எடுக்கலாம். கணிதம், புள்ளியியல், எழுத்துப் பயிற்சி ஆகியவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை. கதவு மூடாமல் இருக்கும்.

பள்ளியில் படித்ததை வைத்து முதல் பாடத்தைத் தாண்டி இரண்டாம் பாடத்துக்கே போகலாம் என்று கல்லூரி சொன்னால், முதல் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாளை வாங்கி உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். முக்கால்வாசி வந்தால் தாண்டுங்கள். வராவிட்டால் முதல் பாடத்திலேயே உட்காருங்கள். மேலே போகப் போக அந்த அடித்தளம் தேவைப்படும்.

பாடங்களைக் கலந்து எடுப்பது

கிரெடிட் சமமாக இருந்தாலும் உழைப்பின் தன்மை ஒன்றாக இருக்காது. இலக்கியமும் வரலாறும் வாரத்துக்கு நூறு பக்கம் வாசிக்கச் சொல்லும், செமஸ்டர் இறுதியில் நீண்ட கட்டுரை கேட்கும். கணிதமும் இயற்பியலும் வாராவாரம் கணக்குத் தாள் கேட்கும். நிரலாக்கத்தில் பத்து நிமிட வேலை என்று நினைத்தது இரவு முழுவதும் போகலாம். நான்கு வாசிப்புப் பாடங்களை ஒன்றாக எடுத்தால் கடைசி இரண்டு வாரம் தாங்காது. நான்கு கணக்குப் பாடங்களை எடுத்தால் ஒவ்வொரு வாரமும் தாங்காது. இரண்டும் இரண்டுமாக இருந்தால் ஒன்றில் களைத்தபோது மற்றொன்றில் உட்காரலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பாடத்தின் பெயர் உதவாது, சிலபஸ்தான் உதவும். சிலபஸை எடுத்ததும் மதிப்பெண் பிரிவைத் தேடுங்கள். இன்டர்னலுக்கு எவ்வளவு, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு, அசைன்மென்ட் எத்தனை, குழு வேலை இருக்கிறதா, வருகைப்பதிவுக்கு எத்தனை விழுக்காடு வேண்டும். இறுதித் தேர்வுக்கே 75 விழுக்காடு என்றால் ஒரு நாள் காய்ச்சல் செமஸ்டரையே கவிழ்க்கலாம். பத்துச் சிறு தேர்வுகளாகப் பிரித்திருந்தால் பாதுகாப்பு அதிகம், ஓய்வு குறைவு. எது நல்லது என்பது ஆளைப் பொறுத்தது. கடைசி நேரத்தில்தான் படிப்பவர் என்றால், வாராவாரம் கேட்கும் பாடம்தான் உங்களைக் காப்பாற்றும். பிடிக்காது என்றாலும் அதையே எடுங்கள்.

கெடு தேதிகளையும் பாருங்கள். எடுக்க நினைக்கும் ஐந்து பாடங்களின் சிலபஸையும் வரிசையாக வைத்து, பெரிய கெடுக்களை ஒரே காலண்டரில் எழுதுங்கள். எட்டாவது வாரத்தில் மூன்று இடைத்தேர்வும் ஒரு கட்டுரையும் வந்து விழுந்தால், ஒரு பாடத்தை மாற்றுவதற்கு இதுதான் நேரம். இறுதித் தேர்வு அட்டவணையை முன்கூட்டியே வெளியிடும் இடமாக இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை எட்டு மணி வகுப்புக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் இருந்தால் யதார்த்தமாக யோசியுங்கள். இரண்டு வகுப்புகளுக்கு இடையில் நான்கு மணி நேரம் காலியாக விடாதீர்கள். நூலகத்தில் உட்காரும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும்தான் அது பயன்படும். எல்லா வகுப்பையும் இரண்டு நாளில் அடைத்துவிட்டு மூன்று நாள் ஓய்வு என்று திட்டமிடுவது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் போனால் வாரத்தில் பாதி வகுப்பு போய்விடும்.

ஐந்து பாடத்தில் ஒன்றாவது உங்களுக்கு உண்மையிலேயே ஆசையாக இருக்கும் பாடமாக இருக்கட்டும். கட்டாயப் பாடங்களால் அட்டவணை நிரம்பி வழிந்தாலும் ஒன்றுக்கு இடம் பண்ணுங்கள். காலையில் எழுந்து கிளம்ப வைப்பது பல நேரம் அந்த ஒரு வகுப்புதான்.

யாரிடம் என்ன கேட்பது

மூத்த மாணவரிடம் “அந்தப் பேப்பர் ஈஸியா அண்ணா?” என்று கேட்டால் பயன் இல்லை. அவருக்கு எளிதாக இருந்தது உங்களுக்கு இருக்க வேண்டும் என்று இல்லை. “வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?”, “வகுப்பில் நடத்தியதிலிருந்து தேர்வு வந்ததா, புத்தகத்திலிருந்து வந்ததா?”, “சந்தேகம் கேட்டால் அந்த ஆசிரியர் நேரம் கொடுப்பாரா?” என்று கேளுங்கள். பதில் தானாகவே பயனுள்ளதாக வரும். ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். நல்ல கிரேடு வாங்கியவரிடமும் அரியர் வைத்தவரிடமும் கேளுங்கள்.

கல்வி ஆலோசகர் அல்லது வகுப்பு ஆசிரியரிடம் போகும்போது கையில் அந்த அம்புக்குறிப் படமும் உத்தேசப் பட்டியலும் இருக்கட்டும். “என்ன எடுக்கலாம் மேடம்?” என்று வெறுங்கையோடு போனால் எல்லோருக்கும் சொல்லும் பதிலைத்தான் சொல்வார். “இந்த ஐந்தையும் எடுக்கலாம் என்று இருக்கிறேன், இந்த வரிசையில் எங்காவது மாட்டிக்கொள்வேனா?” என்று கேட்டால், நமக்குத் தெரியாத விதிகளெல்லாம் அவரிடமிருந்து வெளியே வரும். விதிவிலக்கு, அனுமதி என்று எது கொடுத்தாலும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு இரண்டு ஆண்டு கழித்து அலுவலகத்தில் செல்லாது.

பதிவு நாள்

முந்தின நாளே உள்நுழைந்து பாருங்கள். கட்டணப் பாக்கி, ஒப்படைக்காத சான்றிதழ் என்று ஏதாவது காரணத்தால் பதிவு முடக்கப்பட்டிருக்கலாம்; அதை நீக்க அலுவலக நேரம் வேண்டும். பாட எண், பிரிவு எண் இரண்டையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்று, சீக்கிரம் நிரம்பும் பாடங்களுக்கு இரண்டு. சங்கிலியில் முதலில் நிற்கும் பாடத்தையும் சீட்டு குறைவான பாடத்தையும் முதலில் பதியுங்கள். ஐந்நூறு பேர் அமரும் பாடம் காத்திருக்கும்.

இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு, மாற்றுப் பாடத்தையும் பதிந்துவையுங்கள். முதல் வாரத்தில் பலர் விலகுவார்கள். அந்த வாரம் பதிவாகாத வகுப்பிலும், ஆசிரியர் அனுமதித்தால், போய் உட்காருங்கள். இடம் கிடைக்கும்போது பின்தங்கியிருக்க மாட்டீர்கள்.

முதல் இரண்டு வாரம்

பதிவு முடிந்தாலும் தேர்வு முடியவில்லை. சேர்க்கவும் நீக்கவும் ஒரு கெடு இருக்கும். பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத்துக்குள். அந்தத் தேதிக்குள் நீக்கினால் எந்தத் தடமும் இருக்காது. அதற்குப் பிறகு வரும் இன்னொரு கெடுவுக்குள் விலகினால், அமெரிக்க முறையைப் பின்பற்றும் இடங்களில் மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்று விழும். சராசரியைத் தொடாது, ஆனால் பதிவில் இருக்கும். அதையும் தாண்டினால் வாங்கும் கிரேடு நிலைக்கும். இந்தத் தேதிகளைக் கைபேசியில் மூன்று நாள் முன்னதாகவே நினைவூட்டலாக வையுங்கள்.

கெடு வருவதற்குள் முதல் அசைன்மென்டையாவது நேர்மையாகச் செய்து பாருங்கள். விரிவுரை சுவையாக இருந்தும் அசைன்மென்டில் முதல் வரியே எழுத வராமல் போகலாம். தூக்கம் வரவழைக்கும் ஆசிரியரின் பாடம் கையில் எடுத்ததும் இழுத்துக்கொண்டு போகலாம். எத்தனை மணி நேரம் எடுத்தது என்று குறித்து, கிரெடிட் சொல்லும் மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மடங்கு ஆகிறது என்றால் அது முதல் வாரத் தடுமாற்றமா, அடிப்படை இல்லாததா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். முதலாவது என்றால் அந்தப் பாடத்திலேயே தொடருங்கள். இரண்டாவது என்றால் கெடுவுக்கு முன்னால் இறங்கி, அடிப்படைப் பாடத்தை எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு திரும்பி வாருங்கள்.

கிரெடிட் இல்லாமல் உட்கார்ந்து கேட்கும் ஆடிட் வசதியும், கிரேடுக்குப் பதில் தேர்ச்சி மட்டும் பதியும் வசதியும் சில இடங்களில் உண்டு. புதிய துறையைத் தொட்டுப் பார்க்க இவை நல்லவை. கோர் பாடத்துக்கு மட்டும் தேர்ச்சிப் பதிவைத் தேர்ந்தெடுக்கும்முன் துறையிடம் கேளுங்கள். பல துறைகள் அதைக் கணக்கில் எடுக்காது.

கடைசியாக, எடுத்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் அந்தச் செமஸ்டரிலேயே இறக்கி ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். கல்லூரி மாறினாலோ வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போனாலோ, அங்கே கிரெடிட்டை ஏற்பதற்கு முன் பாடத்தில் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம் நடத்தினார்கள் என்று கேட்பார்கள். இந்தியாவில் 2021இல் தொடங்கிய கிரெடிட் வங்கி போன்ற ஏற்பாடுகள் கிரெடிட்டைச் சேமித்துத் தரும். பாடத்தின் உள்ளடக்கத்தைக் காட்ட வேண்டியது நீங்கள்தான். கல்லூரி இணையதளத்தில் அப்போது புதிய சிலபஸ்தான் இருக்கும்.